நிரபராதியோடு ஒரு தேர்வு

தேர்வு மூன்று முறை தள்ளிப்போயிருந்தது. முதல் முறை மழை. இரண்டாம் முறை தேர்வாளர் விடுப்பில் இருந்தார். அதை அவர் ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார், அலுவலகம்தான் அவளுக்குச் சொல்ல மறந்தது. மூன்றாம் முறை மற்ற எல்லாம் சரியாக இருக்க, விமானத்தின் முன் சக்கரம் மட்டும் காற்று இறங்கி நின்றது. நாலாவது தேதி கிடைத்தபோது மாதம் முடிய ஐந்து நாள்தான் பாக்கி.

சரக்கு விமானக் கம்பெனி ஒன்றில் அவள் ஆறு வருடமாக வலது இருக்கையில் உட்காருகிறாள். இடது இருக்கை கேப்டனுடையது. அங்கே ஒரு கேப்டன் ஓய்வுபெறுகிறார். மாதக் கடைசிக்குள் தேர்வுத் தாளில் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்தால் அந்த இருக்கை அவளுக்கு. இல்லையென்றால், அவளுக்குப் பின்னால் நாலு வருடம் கழித்துச் சேர்ந்து, ஏற்கெனவே தேர்வு முடித்துவிட்ட ஒருவனுக்கு. மேலாளர் இதைச் சொன்னபோது மிகவும் வருத்தப்பட்டார். அவருடைய வருத்தத்தை வாங்கி எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னிக்காவது நடக்குமா?" என்று கேட்டான் கணவன், காலையில் ஷூவுக்கு பாலிஷ் போட்டபடி. அவளுடைய ஷூவுக்கு.

"நடக்கும். விமானம் இருக்கணும், வானம் இருக்கணும், நிரபராதி இருக்கணும். மூணும் ஒரே நாள்ல இருக்கணும்."

நிரபராதி என்பது தேர்வாளருக்கு விமானிகள் வைத்திருந்த பெயர். இருபது வருடமாகத் தேர்வு எடுக்கிறார். நடுவானில், தேர்வுக்கு வந்தவர் வெளியே பார்க்கும் ஒரு நொடியில், அவர் கை எங்காவது போய்வரும். மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் பொத்தான் ஒன்றை இழுத்துவிடுவார். எரிபொருள் குமிழைத் திருப்புவார். ஹெட்செட்டின் வயரை உருவிவிடுவார். ஏதோ நின்றுபோனதைக் கண்டு திடுக்கிட்டுத் திரும்பினால் இரண்டு கையும் அவர் முழங்கால் மேல் இருக்கும். "என்னைப் பாக்காதே. நான் ஒண்ணும் பண்ணல" என்பார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இருக்காது.

அவரிடம் தேர்வுக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயத்தை மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். ஒன்று, அவசரகாலத்தில் செய்ய வேண்டியதை வாயால் சொல்ல வேண்டும், செய்துவிடக் கூடாது. சென்ற வருடம் தாடிக்காரர் ஒருவர் நிஜமாகவே அவசர எண்ணைத் திருகி வைத்துவிட்டார். தரையில் தீயணைப்பு வண்டிகள் ஓடிவந்து வரிசையாக நின்றன. நிரபராதி அவரை அன்றே ஃபெயிலாக்கி அனுப்பினார். இரண்டாவது, நிரபராதி வாயால் என்ன வேண்டுமானாலும் சொல்வார், காகிதத்தில் மட்டும் பொய் எழுதமாட்டார். விமானம் புறப்பட்ட நேரம் 9.41 என்றிருக்க வேண்டியது 9.40 என்று இருந்ததற்காக ஒருவருடைய தாளை மூன்று மாதம் கழித்துத் திருப்பி அனுப்பியவர்.

கைப்பேசிகளை அலுவலகப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். தேர்வின்போது அவை கூடாது. விமானத்தில் ஏறியதும் கருவிப் பலகையில் ஒரு சதுர ஓட்டையைத் தகடு வைத்து மூடியிருப்பதை அவள் பார்த்தாள். இரண்டாவது ரேடியோ இருந்த இடம். பழுது பார்க்கப் போய்ப் பத்து நாள் ஆகிறது.

"பகல், தெளிஞ்ச வானம். ஒரு ரேடியோ போதும்னு விதி இருக்கு" என்றார் தேர்வாளர்.

"தெரியும் சார்."

"இப்போ இதுல நான் வெறும் பயணி. கண்ட்ரோல் உன்கிட்ட. பயணி எதையாவது தொட்டா நீ என்ன பண்ணணும்?"

"கைய எடுக்கச் சொல்லணும்."

"எடுக்கலைன்னா?"

"எடுத்துவிடணும் சார்."

"நல்லது" என்று முதல் கட்டத்தில் ஒரு டிக் போட்டார்.

முக்கால் மணி நேரம் எல்லாம் நன்றாகப் போயிற்று. திருப்பங்கள், வேகம் குறைத்துப் பறப்பது, ஒரு இன்ஜினை மட்டும் வைத்துக்கொண்டு ஏறுவது. திரும்பி வரும் வழியில் நிலையத்துக் கோபுரத்திலிருந்து பெண் கட்டுப்பாட்டாளரின் குரல் வந்தது. நீர்த்தேக்கத்துக்கு மேல் வந்ததும் கூப்பிடச் சொன்னாள். இவள் சரியென்றாள். அப்போது மணி 10.19.

10.24க்கு நீர்த்தேக்கம் இறக்கைக்குக் கீழே வந்தது. பட்டனை அழுத்திப் பேசினாள். பேசும்போது தன் குரல் தன் காதிலேயே லேசாகக் கேட்குமே, அது கேட்கவில்லை. இன்னொரு முறை பேசினாள். பிறகு மெல்லத் திரும்பி வலது பக்கம் பார்த்தாள்.

இரண்டு கையும் முழங்கால் மேல் இருந்தன.

"சார், ரேடியோ."

"ரேடியோவுக்கு என்ன?"

"உங்களுக்குத் தெரியாததா."

"என்னைப் பாக்காதே. நான் ஒண்ணும் பண்ணல."

அவளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. இதற்காகத்தான் காத்திருந்தாள், இதை ஐம்பது முறை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை பார்த்திருக்கிறாள், கணவன் கோபுரமாக உட்கார்ந்து பேசாமல் இருக்க. ஒலி அளவைக் கூட்டிப் பார்த்தாள். ஹெட்செட் வயரை உருவித் திரும்பச் செருகினாள். கையில் பிடித்துப் பேசும் மைக்கை எடுத்து அழைத்தாள். முன்பு பேசிய அலைவரிசைக்குப் போய் அங்கேயும் கூப்பிட்டாள். பிரேக்கர் வரிசையில் விரலை ஓட்டினாள். ஒன்றுகூட வெளியே தள்ளிக்கொண்டு நிற்கவில்லை. இந்தத் தடவை நன்றாகத்தான் மறைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு டிரான்ஸ்பாண்டர் குமிழின் மேல் விரலை வைத்தாள். கோபுரத்தின் திரைக்கு விமானத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கிற பெட்டி அது. அதில் ஏழு ஆறு பூஜ்யம் பூஜ்யம் என்று வைத்தால், இந்த விமானத்தால் பேச முடியவில்லை என்று உலகத்தில் எந்தக் கட்டுப்பாட்டாளருக்கும் புரியும்.

"ஏழு ஆறு பூஜ்யம் பூஜ்யம் வைக்கிறேன்" என்று சொன்னாள். குமிழைத் திருகவில்லை.

கேட்கிறதோ இல்லையோ, போகிற இடத்தையும் உயரத்தையும் காற்றில் சொல்லிவைக்க வேண்டும் என்பது அடுத்த விதி. அதையும் சொன்னாள், பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்குகிற மாதிரி, பட்டனை அழுத்தாமல். "வானம் தெளிவா இருக்கு. தெளிவான வானத்தை விட்டு வெளிய போகமாட்டேன். பக்கத்துல இருக்கறது நம்ம நிலையம்தான். அங்கயே போய் விளக்கு சிக்னல் பாத்து இறங்கறேன்."

அவர் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டார்.

அவர் பிறகு ஒப்புக்கொண்டது இது: அவள் கை தவறி எதையோ அணைத்திருப்பாள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். நீர்த்தேக்கம் தாண்டி ஐந்தாவது நிமிடத்தில் ரேடியோவை அவரே நிறுத்துவதாக இருந்தது. அவளாகவே நிறுத்திக்கொண்டது அவருக்கு வசதியாகப் போயிற்று. அதனால் சும்மா இருந்தார்.

நாலாவது நிமிடத்தில் அவருக்கு ஏதோ உறுத்தியது. அந்த நேரத்துக்கு ஒரு பயணிகள் விமானம் இறங்க வேண்டும். தன் பக்கத்துப் பட்டனை அழுத்திக் கோபுரத்தைக் கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிட்டார். குனிந்து வயரைப் பார்த்தார்.

"ஏய், இது நான் இல்ல."

"சரி சார்."

"நிஜமாவே போயிடுச்சு. அந்த நம்பரை வை."

"சொல்லிட்டேன் சார்."

"சொன்னா பத்தாது, வை!"

"வச்சா ஃபெயில் பண்ணிடுவீங்க."

"வைக்கலைன்னா அங்க எவன் எந்தப் பக்கத்துலேருந்து வர்றான்னு தெரியாது!"

"போன வருஷம் தாடிக்காரர்கிட்டயும் இப்படித்தான் கத்தினீங்களாம்."

அது உண்மைதான். ஓடுபாதை மூக்குக்கு நேரே வெள்ளைக் கோடாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அவர் குமிழை நோக்கிக் கையை நீட்டினார். அவள் முழங்கையால் தடுத்தாள்.

"சார், கை. கண்ட்ரோல் என்கிட்ட."

"ஐயோ, என் பொண்ணு மேல சத்தியமா சொல்றேன்!"

"உங்களுக்கு ரெண்டும் பையன்னு எல்லாருக்கும் தெரியும் சார்."

"பதட்டத்துல வாயில வந்துடுச்சு!"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்தால் அதற்கும் ஒரு கட்டம் வைத்திருப்பார். ஆறு வருடம், மூன்று தேதி, ஒரு காற்றுப்போன சக்கரம். இந்த மனிதர் கத்துகிறார் என்பதற்காக ஒரு குமிழைத் திருகி எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்க்க அவள் தயாராக இல்லை.

அவர் கத்துவதை நிறுத்தினார். மடியில் இருந்த தேர்வுத் தாளை நிமிர்த்தி, டிக் போட்ட கட்டங்களுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பெரிய எழுத்தில் எழுதினார். நேரம் போட்டார். கையெழுத்துப் போட்டார். பலகையோடு தூக்கி அவள் கண்ணுக்கு முன்னால் பிடித்தார்.

தேர்வு நிறுத்தப்பட்டது. 10.30.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அப்போதும் முதலில் வந்தது பயம் அல்ல. இன்னும் ஐந்தே நாள்தான் இருக்கிறது என்பதுதான் முதலில் வந்தது. பிறகுதான் கை போய்க் குமிழைத் திருகியது. ஏழு. ஆறு. பூஜ்யம். பூஜ்யம்.

"இடது பக்கம் நீ பாரு, வலது பக்கம் நான் பாக்கறேன்" என்றார் அவர்.

அவர்தான் முதலில் கண்டார். அவர்களைவிடப் பெரியதாக, சக்கரங்களை இறக்கிவிட்டிருந்த ஒரு விமானம், ஓடுபாதையைத் தொடாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போயிற்று. அதன் வயிற்றில் எழுதியிருந்த எழுத்துகளைப் படிக்க முடிந்தது. ஓடுபாதைக்கு நேராகப் போய்க்கொண்டிருந்த அவள் விலகித் திரும்பி, நிலையத்துக்கு மேலாகச் சுற்று வழியில் நுழைந்து, கோபுரத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு அணையாமல் நின்றது. இறங்காதே, வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு என்று அர்த்தம். விளக்கைப் பார்த்தேன் என்பதற்காக இறக்கைகளை இப்படியும் அப்படியும் சாய்த்துக் காட்டினாள். ஒரு சுற்று. பெரிய விமானம் திரும்பி வந்து இறங்கியது. இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் பச்சை வந்தது. அதற்கும் இறக்கையைச் சாய்த்துவிட்டு அவள் இறங்கினாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு மென்மையாக ஒரு விமானத்தை இறக்கியதில்லை. அதற்கு டிக் போட ஆளில்லை.

விமானிகள் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வானிலைத் திரை, மூடி தொலைந்த காபி இயந்திரம். தாளும் பேனாவுமாக இருவரும் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், பணியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கட்டுப்பாட்டாளர் படியிறங்கி வந்தாள். கையில் தண்ணீர் பாட்டில். மூச்சு வாங்கியது.

"பதினோரு தடவ கூப்பிட்டேன். அறுபத்திரண்டு பேர் இருக்கற விமானத்தைத் தரையத் தொடப்போற நேரத்துல மேல ஏத்தி விட்டேன். என் திரையில உங்களோட சாதாரண நம்பர். பேச்சு இல்ல. நான் என்னன்னு நினைக்கிறது?"

"என்ன நினைச்சீங்க?" என்றார் தேர்வாளர்.

அவள் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டுச் சொன்னாள். "காலைல நீங்கதானே போன் பண்ணி, கொஞ்ச நேரம் பேசமாட்டோம், கண்டுக்காதீங்கன்னு சொன்னீங்க? நிரபராதி ஆரம்பிச்சுட்டாருன்னு முதல் மூணு நிமிஷம் நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன் சார்."

அந்தப் பெயரை நேருக்கு நேர் சொல்லிவிட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை. அவருக்கும் அப்போது அது பெரிதாகப் படவில்லை.

அடுத்து மெக்கானிக் வந்தார். எண்ணெய்க் கையில் ஒரு கறுப்புப் பொத்தான். "அக்கா, இதுதான். ரேடியோவோட பிரேக்கர். வெளிய பாத்தா உள்ள இருக்கற மாதிரியே இருக்கும், உள்ள ஸ்பிரிங் செத்துப்போச்சு. இது எப்பவாவது ஒரு தடவ இழுக்கறதுக்குன்னு வச்சது. யாரோ இதைப் பெல் அடிக்கற மாதிரி இழுத்து இழுத்து விட்டிருக்காங்க." சொல்லிவிட்டுத் தேர்வாளரைப் பார்த்தார். "நான் யாரையும் சொல்லல சார்."

அவர் இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். பழக்கம்.

அறையில் இருவர் மட்டும் மிஞ்சியபோது சம்பவ அறிக்கைப் படிவம் மேஜையில் இருந்தது. தொடர்பு அற்றுப்போனதை உணர்ந்த நேரம்: 10.24. அவசர எண் வைக்கப்பட்ட நேரம்: 10.30. தாமதத்துக்குக் காரணம்: அதற்கு எதிரே ஒரு வரி மட்டும் எழுத இடம்.

"ஹெட்செட், வயர், பிரேக்கர் எல்லாம் ஒவ்வொண்ணா சரிபார்த்துக்கிட்டு இருந்தோம்னு எழுது" என்றார் அவர். குரலைத் தாழ்த்தியிருந்தார். "பொய் இல்ல. பாத்தேதானே?"

"அது ஒரு நிமிஷம் சார்."

"ஆறு நிமிஷம் ஆச்சுன்னு இருக்கட்டும். நான் வேற தாள் எடுத்து எழுதறேன். தேர்வு முடிஞ்சுது, விமானி நிஜமான கோளாறை விதிப்படி சமாளிச்சு இறக்கினாங்கன்னு. அப்படித்தானே நடந்துது? அருமையா இறக்கின. இருபது வருஷத்துல இப்படி ஒருத்தர் இறக்கி நான் பாத்ததில்ல. இன்னிக்கே கையெழுத்தோட கொண்டுபோய்க் குடு."

அவர் உண்மையாகவே அவளுக்கு நல்லது செய்ய நினைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். தனக்கும் சேர்த்து.

அவள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது இருக்கை அந்த ஒரு வரியில் இருந்தது. எழுதிவிடலாம். யாருக்கும் தெரியாது. அறுபத்திரண்டு பேர் இந்நேரம் தங்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். விமானம் ஏன் ஒருமுறை மேலேறித் திரும்பி இறங்கியது என்று யாராவது கேட்டால் காற்று என்பார்கள். அவளுக்கு எரிச்சல் பொங்கியது. அவர் மேல் மட்டும் இல்லை. குமிழைத் திருகாத தன் விரல் மேல். திருகாதே என்று அந்த விரலைப் பழக்கிய ஐம்பது ஒத்திகைகள் மேல். வானத்தில் இருக்கும்போது அவள் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான்: இந்த ஆள் காகிதத்தில் பொய் எழுதமாட்டார் என்பதை. அது மட்டும் இல்லாதிருந்தால் அந்தக் குமிழை அவள் தரையைத் தொடும்வரை திருகியிருக்கமாட்டாள்.

"அப்புறம் நாளைக்கு உங்ககிட்ட வர்றவன் எதை சார் நம்புவான்?" என்றாள்.

அவள் எழுதினாள். தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள்.

தாமதத்துக்குக் காரணம்: தேர்வாளர் தான் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னார், அதனால் அவர்தான் செய்தார் என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"இதை எழுதினா இது நின்ன தேர்வுதான். மறுபடி தேதி வாங்கணும். அடுத்த மாசம்தான் கிடைக்கும்."

"தெரியும் சார்."

"அந்த சீட் போயிடும்."

"அதையும் நான்தான் சார் உங்களுக்குச் சொன்னேன்."

அவர் பேனாவைத் திறந்தார். அவள் வரிக்குக் கீழே, மேற்கண்டது சரி என்று எழுதினார். சற்று யோசித்து, விமானி தாமதித்ததற்கு என் தேர்வு முறையே காரணம் என்றும் எழுதினார். எழுத்து நுணுக்கி ஓரம்வரை போயிற்று; ஒரே வரிதான் கொடுத்திருந்தார்கள். நேரம் பார்த்து, 11.52 என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

வெளியே நடைபாதையில் இருந்த அலுவலகப் பெட்டியைத் திறந்து அவள் கைப்பேசியை எடுத்தாள். கணவனிடமிருந்து ஐந்து அழைப்புகள். கூப்பிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"நல்லா இறக்கினேன்."

"அப்போ பாஸா?"

"இல்ல. வந்து சொல்றேன். பாலிஷ் டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதே."

பேசி முடிக்கும்போது, பிற்பகல் தேர்வுக்கு வந்திருந்த ஒருவர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மடிப்புக் கலையாத சட்டை, மடியில் விதிப் புத்தகம், உதடு அசைந்துகொண்டிருந்தது. வேறொரு விமானம் அவருக்காக வெளியே தயாராக நின்றது. தேர்வாளர் அறையிலிருந்து வந்து அவர் முன்னால் நின்றார்.

"ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். இன்னிக்கு ரேடியோவை நான் தொடமாட்டேன். அது நின்னுபோச்சுன்னா நிஜமாவே நின்னுபோச்சுன்னு அர்த்தம். உடனே நம்பரை வைக்கணும். சொன்னா போதாது, வைக்கணும். புரியுதா?"

"புரியுது சார்" என்றார் அந்த ஆள். சொல்லிவிட்டு, தேர்வாளரின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்து, நமக்கா தெரியாது என்பதுபோல் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

அவள் தோளில் மாட்டிய பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பெஞ்சில் அந்த ஆளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணா, சிரிக்காதீங்க" என்றாள். "அவர் என்னை அனுப்பிப் பேசச் சொல்லல. முதல்ல அதை நம்புங்க."

அவர் இன்னும் நன்றாகச் சிரித்தார்.